சத்தம் கேட்கிறது, பென் டிரைவைக் காணவில்லை

திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோப்பிரதிக் கடை நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கடையில் இரண்டு மேசைக் கணினிகள். ஒன்றில் விண்டோஸ் 10, மற்றதில் லினக்ஸ் வகையான உபுண்டு. விண்டோஸ் கணினியில் ஒரு மாதமாக யாருடைய பென் டிரைவைச் செருகினாலும் சத்தம் கேட்கிறது, ஆனால் திரையில் எதுவும் வருவதில்லை. அதே பென் டிரைவ் அவருடைய லேப்டாப்பில் உடனே திறக்கிறது. இரண்டு பென் டிரைவ்களைச் சேர்த்துச் செருகினால் இரண்டாவது மட்டும் தெரிகிறதாம். அடுத்து, மூதூரிலிருந்து வந்த ஆசிரியை ஒருவர் தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் இருக்கும் பென் டிரைவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அதை எந்தக் கணினியில் போட்டாலும் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கிறது. மூன்றாவதாக, உபுண்டு கணினியில் வெளி வன்தட்டைப் படிக்க முடிகிறது, அதில் எழுத முடியவில்லை. "எல்லாவற்றுக்கும் விண்டோஸை மறுபடி போட்டால் சரியாகுமா அண்ணா?" என்பது கேள்வி.

ஆகாது தம்பி. இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று கோளாறுகள். விண்டோஸை மறுபடி போட்டால் முதலாவது தற்செயலாகச் சரியாகலாம். நீங்கள் பழைய ஏற்பாடுகளைத் திரும்பச் செய்த மறுநாளே அதுவும் திரும்பி வரும்.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் முன்பு, அந்தத் துறையைப் பாதையில், அதாவது ஆளையும் வண்டியையும் ஏற்றும் மிதவையில், கடந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். பாதை கரையைத் தொட்டவுடன் யாரும் இறங்கிவிட முடியாது. கயிறு கட்ட வேண்டும், பலகை போட வேண்டும், அதற்குப் பிறகுதான் சைக்கிளும் லொறியும் இறங்கும். கணினியில் 'மவுண்ட்' என்று சொல்வது அந்தப் பலகை போடும் வேலையைத்தான். பென் டிரைவைச் செருகியதும் முதலில் மின்சாரம் போக வேண்டும்; பிறகு அது தான் யார் என்று கணினிக்குச் சொல்ல வேண்டும்; கணினி அதை ஒரு வட்டு என்று ஏற்க வேண்டும்; அதற்குள் இருக்கும் பிரிவுகளை வாசிக்க வேண்டும்; அந்தப் பிரிவு எந்தக் கோப்பு முறையில் (கோப்புகளை வட்டில் அடுக்கி வைக்கும் ஒழுங்கில்) எழுதப்பட்டது என்று புரிய வேண்டும்; கடைசியில் அதற்கு ஓர் எழுத்தோ ஓர் இடமோ ஒதுக்க வேண்டும். "பென் டிரைவ் வேலை செய்யவில்லை" என்று ஒரே வரியில் சொல்வது இந்த ஆறில் எந்தப் படியில் நின்றது என்பதை மறைத்துவிடுகிறது. பழுது பார்ப்பதில் முக்கால் பங்கு வேலை அந்தப் படியைக் கண்டுபிடிப்பதுதான்.

உங்களுக்குச் சத்தம் கேட்கிறது. அது எந்தச் சத்தம் என்பதைக் கவனியுங்கள். விண்டோஸில் இரண்டு சுரங்கள் தாழ்விலிருந்து உயர்வுக்குப் போனால் கருவி அடையாளம் காணப்பட்டது. ஒரே சுரம் மூன்று தடவை தட்டினால் மின்சாரம் போயிருக்கிறது, அடையாளம் காண முடியவில்லை. லேப்டாப்பில் எல்லாம் திறக்கிறது என்பதால் உங்களுடையது முதல் வகையாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் முதல் மூன்று படிகளும் கடந்தாகிவிட்டன. கம்பியையும் போர்ட்டையும் சந்தேகிக்கத் தேவையில்லை.

இப்போது ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலது சொடுக்கி, 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்பதைத் திறந்து வைத்துக்கொண்டு பென் டிரைவைச் செருகுங்கள். கீழ்ப்பாதியில் 'ரிமூவபிள்' என்ற புதிய வரி வரும். அதன் பெட்டிக்குள் எழுதியிருப்பதைப் படியுங்கள். உங்கள் கணினியில் சி, டி இரண்டும் வன்தட்டின் பிரிவுகளாகவும் ஈ டிவிடி டிரைவாகவும் இருந்தால், பென் டிரைவுக்கு அடுத்துக் கிடைப்பது எஃப். அந்தப் பெட்டியில் எஃப் என்று இருக்கும் என்றே நினைக்கிறேன். அதாவது விண்டோஸைக் கேட்டால் பலகை போட்டாகிவிட்டது என்றுதான் சொல்லும். ஆனால் உங்களுக்குத் தெரியவில்லை. ஏன்?

ஒரு மாதத்துக்கு முன்பு என்ன மாற்றினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு கணினிகளுக்கும் பொதுவாக ஒரு கோப்புறையைப் பகிர்ந்து, அதற்கு விண்டோஸில் ஓர் எழுத்து கொடுத்திருப்பீர்கள். என் ஊகம், அந்த எழுத்தும் எஃப். வட்டுகளுக்கு எழுத்து ஒதுக்கும் விண்டோஸின் பகுதி கணினி முழுவதற்கும் பொதுவானது. பகிர்ந்த கோப்புறைக்கு நீங்கள் கொடுக்கும் எழுத்தோ உங்கள் பயனர் கணக்குக்குள் மட்டும் இருப்பது. முன்னதற்குப் பின்னது இருப்பதே தெரியாது. ஆகவே எஃப் காலியாக இருக்கிறது என்று நம்பிப் பென் டிரைவுக்கு அதைக் கொடுத்துவிடுகிறது. உங்கள் கண்ணுக்கு எஃப் என்றால் பகிர்ந்த கோப்புறைதான். பென் டிரைவ் அதன் பின்னால் மறைந்து நிற்கிறது. இரண்டாவது பென் டிரைவுக்கு ஜி கிடைப்பதால் அது மட்டும் பளிச்சென்று தெரிகிறது. நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான் முடிச்சை அவிழ்த்தது. பலர் அதை எழுதாமல் விட்டுவிடுவார்கள்.

தீர்வு இரண்டு நிமிட வேலை. பகிர்ந்த கோப்புறையின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அதற்கு இசட் அல்லது ஒய் கொடுத்து மறுபடி இணையுங்கள். வலையமைப்பு இணைப்புகளுக்கு எழுத்துக்களைக் கடைசியிலிருந்து கொடுப்பது பழைய வழக்கம். வட்டுகள் முன்னாலிருந்து வளர்ந்து வரும், இரண்டும் மோதாது. ஒருவேளை டிஸ்க் மேனேஜ்மென்ட் பெட்டியில் எழுத்தே இல்லாவிட்டால், அதன் மேல் வலது சொடுக்கி 'சேஞ்ச் டிரைவ் லெட்டர்' வழியாக ஒன்றைக் கொடுத்தால் போதும். எல்லாப் பென் டிரைவுக்கும் எழுத்து வராமல் போகிறது என்றால், யாரோ தானாக மவுண்ட் ஆகும் வசதியையே நிறுத்தியிருக்கிறார்கள். 'டிஸ்க்பார்ட்' கருவிக்குள் போய் 'ஆட்டோமவுண்ட் எனேபிள்' என்று தட்டினால் திரும்பிவிடும்.

போர்ட்டைச் சந்தேகிக்க வேண்டாம் என்று சொன்னது உங்கள் இன்றைய கோளாறுக்குத்தான். கடலோரத்தில் கடை வைத்திருப்பவர் போர்ட்டை மறக்கக் கூடாது. பள்ளிக்கூடத் தகவல் தொழினுட்பப் புத்தகங்களில் போர்ட்டைத் 'துறை' என்று எழுதுகிறார்கள். துறைமுகத்து ஊருக்கு ஏற்ற சொல். டச்சுக்குடாப் பக்கமிருந்து அடிக்கும் உப்புக் காற்று எங்கள் ஊரில் இரும்புக் கேற்றை மட்டுமா தின்கிறது? பென் டிரைவின் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். பொன்னிறத்தில் நான்கு தகடுகள் வரிசையாக இருக்கும். ஓரத்தில் இருக்கும் இரண்டும் கொஞ்சம் நீளம், நடுவில் இருக்கும் இரண்டும் குட்டை. நீளமானவை மின்சாரத்துக்கு, குட்டையானவை தரவுக்கு. மின்சாரம் முதலில் தொட வேண்டும் என்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஆகவே நடுத் தகடுகளில் பச்சை பிடித்திருந்தாலும் விளக்கு அழகாக எரியும். "லைட் எரிகிறது அண்ணா, பென் டிரைவ் நல்லதுதான்" என்று வருகிறவர்களுக்கு நான் காட்டும் முதல் இடம் இதுதான். ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, முழுதாகக் காயவிட்டுச் செருகுங்கள். அழிறப்பரால் மெல்லத் தேய்ப்பதும் பலன் தரும். ஆனால் துகள்களைத் தட்டிவிடாமல் செருகினால் அவை கணினியின் போர்ட்டுக்குள் போய்ச் சேரும். சட்டையில் தேய்ப்பதும் எச்சில் தொடுவதும் வேண்டாம்.

கணினிப் பெட்டியின் முன்பக்கப் போர்ட்டுகள் உள்ளே ஒரு நீளக் கம்பியால் மதர்போர்டுக்குப் போகின்றன. பின்பக்கப் போர்ட்டுகள் மதர்போர்டிலேயே பற்ற வைக்கப்பட்டவை. கடையில் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை செருகிக் கழற்றுவது முன்பக்கத்தில்தான், தேய்வதும் அதுதான். சந்தேகம் வந்தால் முதலில் பின்னால் செருகிப் பாருங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட்டிலிருந்து முறைப்படி எடுக்கக்கூடியது 500 மில்லிஅம்பியர், 3.0 என்றால் 900. வெளி வன்தட்டு சுழலத் தொடங்கும் அந்தக் கணத்தில் அதிகம் இழுக்கும். கிடைக்காவிட்டால் 'டிக், டிக்' என்று தட்டிவிட்டு அடங்கிவிடும். அதைக் கேட்டதும் வன்தட்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டாமல், குட்டையான கம்பியில் பின்பக்க நீல (3.0) போர்ட்டில் கொடுத்துப் பாருங்கள். அங்கேயும் தட்டினால் உடனே கழற்றிவிடுங்கள்; திரும்பத் திரும்ப முயல்வதுதான் மிச்சமிருப்பதையும் கெடுக்கும்.

இனி ஆசிரியையின் பென் டிரைவ். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். அந்த 'ஃபார்மட்' பெட்டியில் 'கேன்சல்' மட்டும் அழுத்துங்கள். விண்டோஸ் அங்கே கேட்பது, "என்னால் இதை வாசிக்க முடியவில்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கட்டுமா?" என்றுதான். அதைப் பழுது பார்க்கும் பொத்தான் போலக் காட்டியிருப்பது, என் கருத்தில், விண்டோஸின் மோசமான பெட்டிகளில் ஒன்று.

நானே அழுத்தியிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்பு, கோயில் கொடியேற்றப் படங்கள் இருந்த ஒரு மெமரி கார்ட். மழைக்கால மாலை, மின்சாரம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது, கடையில் கூட்டம். என்டர் தட்டிவிட்டேன். நல்லவேளையாக 'குவிக் ஃபார்மட்' குறி போட்டிருந்தது. அது அட்டவணையை மட்டுமே புதிதாக எழுதும். படங்கள் அடியில் அப்படியே கிடக்கும். குறி எடுபட்டிருந்தால், விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து முழு ஃபார்மட் என்பது எல்லா இடத்திலும் சுழியத்தை எழுதிவிடும். யாராலும் மீட்க முடியாது. படங்கள் கிடைத்தன, பெயர்கள் கிடைக்கவில்லை. எந்தப் படம் எந்த நாள் என்று ஐயரையும் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு இரவுகள் அடுக்கினேன்.

டிஸ்க் மேனேஜ்மென்டில் ஆசிரியையின் பென் டிரைவ் என்னவாகத் தெரிகிறது என்று பாருங்கள். 'நோ மீடியா' என்றோ, அளவு சுழியம் என்றோ காட்டினால் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு போய்விட்டது. மென்பொருள் எதுவும் உதவாது. சில்லைக் கழற்றி வாசிக்கும் ஆய்வுகூடம்தான் வழி. சரியான அளவு காட்டி, 'ரோ' என்று போட்டிருந்தால் நம்பிக்கை உண்டு. வட்டு இருக்கிறது, அதன் முகப்பு அட்டவணை மட்டும் சிதைந்திருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினாலோ மின்சாரம் போனாலோ வழக்கமாக நடப்பது இது. மூன்றாவது ஒன்றும் உண்டு: பிரிவு 'ஹெல்தி' என்று இருக்கும், கோப்பு முறையின் பெயர் மட்டும் இருக்காது. அது லினக்ஸிலோ ஆப்பிளின் மக் கணினியிலோ எழுதப்பட்ட பென் டிரைவாக இருக்கலாம். விண்டோஸுக்குப் புரியாத மொழி, அவ்வளவுதான். உங்கள் உபுண்டுவில் போட்டால் ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் வகை உடனே திறந்துவிடும். ஆனால் நீங்கள் எந்தக் கணினியிலும் திறக்கவில்லை என்கிறீர்கள். ஆகவே 'ரோ' என்றே வைத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒழுங்கு முக்கியம். முதலில் பிரதி, பிறகுதான் வைத்தியம். உபுண்டு கணினியில் 'டிடி ரெஸ்க்யூ' என்ற கருவியை நிறுவுங்கள். தொகுப்பின் பெயரில் முன்னால் ஒரு ஜி சேர்த்துத் தேட வேண்டும். ஜி இல்லாமல் இருப்பது வேறு. பென் டிரைவைச் செருகி, எல், எஸ், பி, எல், கே என்ற ஐந்து எழுத்துக் கட்டளையைத் தட்டினால் எல்லா வட்டுகளும் அளவோடு வரிசையாக வரும். செருகுவதற்கு முன்பு ஒரு தடவை, பின்பு ஒரு தடவை தட்டி, புதிதாக வந்த பெயர் எது என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டிடி ரெஸ்க்யூவுக்கு மூன்று பெயர்களைக் கொடுக்க வேண்டும்: எங்கிருந்து, எந்தக் கோப்புக்கு, எதுவரை வாசித்தது என்று குறித்து வைக்கும் சிறிய வரைபடக் கோப்பு. முதல் இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் ஆசிரியையின் வினாத்தாள்கள் அங்கேயே முடிந்தன. என்டர் தட்டும் முன்பு தாளைப் பார்த்து ஒரு தடவை வாய்விட்டு வாசியுங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன். வாசிக்க முடியாத இடங்களை அது முதலில் தாண்டிப் போய், நல்ல பகுதிகளை எடுத்து முடித்த பிறகு திரும்பி வந்து முயலும். சாகக் கிடக்கும் வட்டுக்கு அந்தப் பொறுமைதான் தேவை.

பிரதி கையில் வந்ததும் பென் டிரைவைக் கழற்றி உறையில் போட்டு வைத்துவிடுங்கள். இனிமேல் எல்லாச் சோதனையும் பிரதியில்தான். 'டெஸ்ட்டிஸ்க்' என்ற மீட்புக் கருவி முதலில். ஃபேட் 32 என்ற கோப்பு முறையில் முகப்புப் பகுதியின் ஒரு நகல் சில பகுதிகள் தள்ளி எழுதப்பட்டிருக்கும். எக்ஸ்ஃபேட்டுக்கும் அப்படி ஒரு நகல் உண்டு. முகப்பு சிதைந்து நகல் நன்றாக இருந்தால், டெஸ்ட்டிஸ்க் அதைக் கொண்டு திருத்தித் தரும். கோப்புகள் பெயரோடும் கோப்புறையோடும் திரும்பி வரும். அது நடக்காவிட்டால் அதனோடு சேர்ந்தே வரும் 'ஃபோட்டோரெக்'. பெயரில் ஃபோட்டோ இருந்தாலும் வேர்ட், பிடிஎஃப் எல்லாவற்றையும் தேடும். ஒவ்வொரு வகைக் கோப்பும் தொடங்கும் விதத்தை வைத்து அது கண்டுபிடிப்பதால் பெயர்கள் கிடைக்காது. துண்டு துண்டாக எழுதப்பட்டவை உடைந்தே வரும். வினாத்தாள் என்பதால் இன்னொன்று: கிடைத்ததை ஆசிரியையிடம் கொடுத்த பின்பு உங்கள் கணினியிலிருந்து பிரதியையும் அழித்துவிடுங்கள்.

விண்டோஸின் வட்டுச் சோதனைக் கருவியான 'செக்டிஸ்க்' ஓட்டினால் என்ன என்று கேட்பீர்கள். 'ரோ' வட்டில் அது ஓடாது, "முடியாது" என்று சொல்லிவிடும். கோப்பு முறை பாதி புரியும் நிலையில் இருந்தால் ஓடும், அப்போதுதான் ஆபத்து. அதன் அக்கறை அட்டவணையைச் சீராக்குவதில். உங்கள் கோப்பு அதற்குக் குறுக்கே நின்றால் வெட்டித் துண்டாக்கி வேறு பெயரில் போட்டுவிடும். பிரதி எடுத்த பிறகு தாராளமாக ஓட்டலாம்.

உபுண்டுவில் எழுத முடியாத வெளி வன்தட்டு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ்ஸில் இருக்கும், கடைசியாக விண்டோஸ் கணினியில் செருகிய நிலையிலேயே அந்தக் கணினியை நிறுத்தியிருப்பீர்கள். விண்டோஸ் 8 வந்த 2012இலிருந்து 'ஷட் டவுன்' என்பது முழு நிறுத்தம் அன்று. வேகமாக எழும்புவதற்காகப் பாதி உறங்க வைக்கிறது. வட்டு இன்னும் தன் கையில்தான் இருக்கிறது என்பது விண்டோஸின் கணக்கு. லினக்ஸ் அதை மதித்து, எழுதாமல் வாசிக்க மட்டும் விடுகிறது. 2021இல் லினக்ஸின் உட்கருவான கேர்னல் 5.15உடன் வந்த புதிய இயக்கி இன்னும் கண்டிப்பு: வட்டில் 'அழுக்கு' அடையாளம் (சரியாக மூடப்படவில்லை என்ற குறி) இருந்தால் மவுண்ட் செய்யவே மறுக்கும். விண்டோஸ் கணினியில் மறுபடி செருகி, செக்டிஸ்க் ஓட்டி, 'எஜெக்ட்' கொடுத்துக் கழற்றுங்கள். அல்லது ஷிஃப்டை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள், அது முழு நிறுத்தம். வேடிக்கை என்னவென்றால் 'ரீஸ்டார்ட்'தான் விண்டோஸை உண்மையில் முழுதாக இறக்கி ஏற்றுகிறது. லினக்ஸிலேயே 'என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ்' என்ற கருவி இருக்கிறது. அது சில சிறு பிழைகளைத் திருத்தி அடையாளத்தைத் துடைப்பதோடு நின்றுவிடும், முழுப் பழுதும் பார்க்காது.

இதனோடு ஒட்டிய ஒன்று. வன்தட்டு தானாக மவுண்ட் ஆகட்டும் என்று யாராவது உபுண்டுவின் 'எஃப்எஸ்டேப்' கோப்பில் ஒரு வரி எழுதி வைத்திருந்தால், அதில் 'நோஃபெயில்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், வன்தட்டைக் கழற்றி வைத்த நாளில் கணினி அதற்காக 90 விநாடி காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போய் நின்றுவிடும். காலையில் கடை திறந்ததும் கறுப்புத் திரையைப் பார்த்துப் பயந்தவர்கள் இருக்கிறார்கள்.

கடைக்கு வரும் பென் டிரைவ்களில் மவுண்ட் ஆகியும் வெறுமையாகத் தெரிபவை உண்டு, அல்லது எல்லாக் கோப்புறைகளும் குறுக்குவழிகளாக மாறியிருக்கும். அது கோப்பு முறைக் கோளாறு இல்லை, கிருமி. உண்மையான கோப்புகள் மறைக்கப்பட்டு உள்ளேயே இருக்கின்றன. அந்தக் குறுக்குவழிகளைச் சொடுக்காமல் உபுண்டு கணினியில் திறந்து, கண்ட்ரோலோடு எச் அழுத்தி மறைந்தவற்றைக் காட்டச் சொல்லி, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸுக்கு எழுதிய கிருமி லினக்ஸில் ஓடாது. வாடிக்கையாளர் பென் டிரைவ்கள் எல்லாவற்றையும் முதலில் அந்தக் கணினியில் செருகும் பழக்கத்தை ஏற்படுத்தினால், இந்தத் தொல்லையில் பெரும்பகுதி கடை வாசலோடு போய்விடும்.

உபுண்டுவில் நகலெடுக்கும்போது பட்டை ஓடி முடிந்ததை நம்பாதீர்கள். 3 ஜிகாபைட் கோப்பு சில விநாடிகளில் போய்விட்டதாகக் காட்டும். பாதி இன்னும் கணினியின் நினைவகத்தில்தான் இருக்கும். எஜெக்ட் கொடுத்தால் "எழுதிக்கொண்டிருக்கிறேன், கழற்ற வேண்டாம்" என்று சில நிமிடம் இழுக்கும். வாடிக்கையாளர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தினாலும் கொடுக்காதீர்கள். விண்டோஸ் 10இல் 2018 இறுதியில் வந்த 1809 பதிப்பிலிருந்து பென் டிரைவுகளுக்கு உடனே எழுதும் முறைதான் இயல்பாக இருக்கிறது, அங்கே ஆபத்துக் குறைவு. ஆனாலும் விளக்கு மினுங்கும்போது பிடுங்கினால் எந்தப் பதிப்பும் காப்பாற்றாது.

பகிர்ந்த கோப்புறையை இசட்டுக்கு மாற்றிய பிறகும் பென் டிரைவ் தெரியாவிட்டால், டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த ஒரு பெட்டியில் எழுதியிருப்பதைச் சொல் மாறாமல் அனுப்புங்கள். ஆசிரியையின் பென் டிரைவை அதுவரை கணினியில் செருகி வைக்க வேண்டாம்.